பீட் மாஸா, கோகோபீட்டா? தொட்டிக் கலவைக்கு எதை வாங்குவது

தொட்டியில் செடி வளர்ப்பவர்களுக்கு இன்று இணையக் கடையில் இரண்டு சரக்கு பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. ஒன்று, கனடாவிலிருந்தோ லாட்வியா, லிதுவேனியா பக்கமிருந்தோ வந்து சிறு பைகளில் பிரித்து விற்கப்படும் பீட் மாஸ், அதாவது சதுப்பில் படிந்த பாசி மட்கு. இன்னொன்று, தேங்காய் மட்டைத் தூளைப் பொள்ளாச்சிப் பக்கம் அழுத்தி எடுத்த ஐந்து கிலோ கோகோபீட் கட்டி. லிட்டர் கணக்குப் போட்டால் முதலாவது பல மடங்கு விலை. அந்த விலைக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை, ரோஜா, மல்லிகை என்று மொட்டை மாடியில் நாம் வழக்கமாக வைக்கும் எதற்கும் பீட் மாஸ் தேவையில்லை. நன்றாகக் கழுவிய கோகோபீட் போதும். பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் செடிகளுக்கு பீட் மாஸ்தான் வேண்டும், அங்கே கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. ஆப்பிரிக்கன் வயலட் போன்ற மெல்லிய வேர்ச் செடிகளும் விதை நாற்றும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. அவற்றுக்கு எதை வாங்குவது என்பது உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பொறுத்தது. பையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர்கள், குழாயில் என்ன வருகிறது என்று பார்ப்பதில்லை. தொட்டிக் கலவை விஷயத்தில் பாதித் தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

பீட் மாஸின் குணம்

குளிர்ந்த நாடுகளின் சதுப்புகளில் ஸ்பேக்னம் என்ற பாசி வளர்கிறது. மேலே வளர்ந்துகொண்டே போக, அடியில் இருப்பது மடிந்து நீருக்குள் அமிழ்கிறது. அங்கே காற்று இல்லை, அமிலம் அதிகம், குளிர்ச்சி வேறு. அதனால் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிகிறது. இப்படிப் படிவது ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். ஓர் அடி உயரத் தொட்டி அளவு பீட் சேர ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆகும்.

மேலடுக்கில் இருப்பது இளம் பழுப்பு நிறத்தில், நார் நாராக இருக்கும். ஆழத்தில் இருப்பது கறுத்து, மட்கி, பிசின் போல இருக்கும். எவ்வளவு மட்கியது என்பதை ஈரமான பீட்டைக் கையில் பிழிந்து பார்த்துச் சொல்லும் முறை ஒன்று உண்டு. வான் போஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் வகுத்த அந்த அளவுகோல் ஒன்று முதல் பத்து வரை போகும். ஒன்று முதல் மூன்று வரை உள்ள இளம் பீட்தான் தொட்டிக்கு நல்லது. அதில் நீரும் நிற்கும், காற்றும் நிற்கும். கறுத்த பீட் தனியாகத் தொட்டியில் இறுகிவிடும். பையைப் பிரித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நிறத்தையும் நாரையும் பாருங்கள். காப்பித்தூள் போலக் கறுத்துப் பொடியாக இருந்தால், அந்த விலைக்கு அது வேண்டாம்.

நல்ல பீட் மாஸ் தன் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் நீரைப் பிடிக்கும். சத்து என்று சொல்ல எதுவும் கிடையாது. உப்பும் கிடையாது. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு மூன்றரையிலிருந்து நாலரைக்குள் இருக்கும், அதாவது நல்ல அமிலம். களை விதையும் நோய்க் கிருமியும் அநேகமாக இராது. எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் பெரிய வேறுபாடு இராது. உலகமெங்கும் நாற்றங்கால்கள் இதன் பின்னால் போனதற்கு முதல் காரணம் இந்த ஒரேசீர்தான்.

1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்ஸ் நிறுவனத்தில் உருவான கலவையில் ஏழு பங்கு மண், மூன்று பங்கு பீட், இரண்டு பங்கு மணல் இருந்தன. அதில் மண்தான் தலைமை. ஆனால் நல்ல மண் ஊருக்கு ஊர் மாறும், அதைச் சூடாக்கிக் கிருமி நீக்கவும் வேண்டும். 1960களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பூட்லியும் ஷெல்ட்ரேக்கும் மண்ணையே விட்டுவிட்டு, பீட் பாதி, வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகள் பாதி என்ற கலவையைக் கொடுத்தார்கள். எடை குறைந்தது, எங்கே செய்தாலும் ஒன்றுபோல வந்தது. இன்று வெளிநாட்டுக் காணொளிகளில் பார்க்கும் தொட்டிக் கலவைகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே. அவர்கள் ஊர்த் தண்ணீர், அவர்கள் ஊர் வெயில் இரண்டையும் வைத்து எழுதப்பட்டவை என்பதை மறந்து நாம் அப்படியே எடுத்துக்கொள்கிறோம்.

கோகோபீட்: நல்ல பொருள், ஆனால் கழுவியாக வேண்டும்

தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நாரை உரிக்கும்போது உதிரும் தூள்தான் இது. நம் வேளாண் அலுவலர்கள் தென்னை நார்க்கழிவு என்பார்கள். ஒரு காலத்தில் மில்லுக்கு வெளியே மலைபோலக் குவிந்து கிடந்து, எரித்தாலும் எரியாமல் தொல்லை கொடுத்தது. இன்று அதைக் கழுவி, காயவைத்து, அழுத்திக் கட்டியாக்கி உலகத்துக்கே அனுப்புகிறோம். நல்ல ஐந்து கிலோ கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். பி.எச். ஐந்தரை முதல் ஆறே முக்கால் வரை, அதாவது பெரும்பாலான காய்கறிகளுக்கு ஏற்ற இடத்திலேயே இருக்கும். நீரை எட்டு, ஒன்பது மடங்கு பிடிக்கும். பீட்டைவிடச் சற்றுக் குறைவு, அது ஒரு குறையே இல்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. தென்னை மரம் உப்பையும் பொட்டாசியத்தையும் விரும்பி உறிஞ்சும் மரம். அவை மட்டையில் தங்கும். காயல் நீரில் ஊறப்போட்ட மட்டையாக இருந்தால் சோடியமும் குளோரைடும் இன்னும் கூடும். உள்நாட்டுத் தோப்பில் விளைந்த மட்டையாக இருந்தாலும் பொட்டாசியம் இருக்கத்தான் செய்யும். இந்த உப்பு இரண்டு விதமாகக் கெடுக்கும். கரைந்திருக்கும் உப்பு நாற்றின் வேர் நுனியைக் கருக்கும், அதைக் கழுவினால் போய்விடும். தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் நீரில் போகாது. நீங்கள் உரத்தில் கொடுக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தூள் பிடித்துக்கொண்டு, இவற்றை விடுவித்துக்கொண்டே இருக்கும். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகுவதைப் பலர் நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். கோகோபீட் தொட்டியாக இருந்தால் முதலில் கால்சியத்தைச் சந்தேகப்படுங்கள். தண்ணீரை ஒழுங்கில்லாமல் ஊற்றினாலும் இது வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இதற்கு வழி இருக்கிறது, கடினமும் இல்லை. கட்டியை ஊறவைத்து, வடிய வடிய இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள். நீரில் கரைந்த உப்பை பி.பி.எம். கணக்கில் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஊகத்துக்கு வேலையில்லை. தூளைப் பிழிந்த நீரின் அளவிலிருந்து, நீங்கள் ஊற்றிய நீரின் அளவைக் கழியுங்கள். மிச்சம் 300க்கு மேல் இருந்தால் நான் இன்னொரு முறை அலசுவேன். நாற்றுக்கு என்றால் 200க்குக் கீழே வரும்வரை விடமாட்டேன். அப்புறம் ஐந்து கிலோ கட்டிக்குச் சுமார் 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை நீரில் கரைத்து ஊற்றி, ஒரு நாள் அப்படியே வைத்து, வடித்து, மறுபடி ஒருமுறை அலசினால், ஒட்டியிருந்த சோடியமும் பொட்டாசியமும் இடத்தைக் காலி செய்யும். 'லோ இ.சி.' (உப்புக் குறைவு), 'பஃபர்டு' (கால்சியம் ஏற்றியது) என்று எழுதிய கட்டிகள் இந்த வேலையை முடித்துவிட்டு வருபவை. எழுத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள். அட்டையில் லோ இ.சி. என்று போட்டு, பிழிந்தால் ஆயிரத்தைத் தாண்டும் கட்டிகளும் சந்தையில் கிடைக்கின்றன.

மலிவாகக் கிடைக்கிறது என்று மில்லிலிருந்து மட்காத பச்சைத் தூளை அப்படியே அள்ளி வருவது வேறு சங்கதி. அதில் எளிதில் மட்காத லிக்னினும் துவர்ப்புப் பொருளான டானினும் அதிகம். கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் நூறுக்கு மேல் இருப்பதால், மட்கும்போது தொட்டியில் உள்ள தழைச்சத்தை நுண்ணுயிர்களே தின்றுவிடும். இலை வெளிறிப்போகும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்காகவே ஒரு முறையைச் சொல்லிக் கொடுத்து வருகிறது. ஒரு டன் கழிவுக்கு ஐந்து கிலோ யூரியா, ஐந்து புட்டி சிப்பிக் காளான் வித்து என்று அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காத்தால், காளான் லிக்னினைச் சிதைத்து அந்த விகிதத்தை இருபத்தைந்து அளவுக்குக் கொண்டுவந்துவிடும். தூள் கறுத்து, எடை குறைந்து, மண் வாசம் வரும். அது தொட்டிக் கலவைக்கு முதல்தரச் சரக்கு. பக்கத்தில் யாராவது இப்படிச் செய்து விற்றால் கட்டியை விட்டுவிட்டு அதையே வாங்குங்கள்.

தண்ணீர் சொல்லும் தீர்ப்பு

பீட் மாஸின் பெருமையே அதன் அமிலத்தன்மைதான் என்று பலர் வாங்குகிறார்கள். சென்னைப் புறநகர் ஒன்றில், பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும் போர் தண்ணீரைத் தினமும் ஊற்றுகிறவர் வீட்டில் அந்த அமிலம் எத்தனை நாள் நிற்கும்? அந்தத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட், கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு போடுவதற்குச் சமம். சில மாதங்களில் பி.எச். ஏறி ஆறைத் தாண்டிவிடும். பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய குணத்தைக் குழாய்த் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடும். மழைநீர் சேமிக்காத வீட்டில், அமிலத்துக்காக பீட் மாஸ் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. வெளிநாட்டுச் செய்முறைகளில் ஒரு லிட்டர் கலவைக்கு மூன்று முதல் ஐந்து கிராம் வரை டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைத் தூளையோ வெறும் சுண்ணாம்புத் தூளையோ சேர்க்கச் சொல்வார்கள். பீட்டின் அமிலத்தைத் தணிக்க அது வேண்டும். மழைநீரோ மென்மையான நீரோ ஊற்றுகிற இடத்தில் அது சரி. கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர் அந்த அளவையே போடலாம். கடின நீர் ஊற்றும் வீட்டில் அதே அளவைப் போட்டால், ஓரிரு மாதத்தில் பி.எச். ஏழைத் தாண்டி, கொழுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் மஞ்சளாகும். அது இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாததன் அடையாளம். அப்படிப்பட்ட நீருக்குச் சுண்ணாம்பைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். கோகோபீட்டுக்குச் சுண்ணாம்பே வேண்டாம். கால்சியம் தேவை என்று தோன்றினால், பி.எச். ஏற்றாத ஜிப்சம் போடுங்கள்.

கோகோபீட்டை அலசும் விஷயத்திலும் தண்ணீர் குறுக்கே வரும். உப்புத் தண்ணீரில் அலசினால் உப்பு போகாது. கடைசி அலசலையாவது மழைநீரிலோ குடிநீரிலோ செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாக்கில் கட்டி மொட்டை மாடியில் வைத்துவிட்டால் வானமே அலசிக் கொடுத்துவிடும்.

வெயிலும் ஒரு தீர்ப்பு சொல்கிறது. பீட் மாஸ் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் நீரை ஏற்காது. மேலே ஊற்றிய தண்ணீர், சுருங்கிய கலவைக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் ஓடி அடியில் வடிந்துவிடும். பார்ப்பவருக்குத் தண்ணீர் ஊற்றியது போலவே தோன்றும், வேர் காய்ந்து கிடக்கும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் இது நடக்கும். தொட்டியோடு தூக்கி வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைப்பதுதான் எளிய வழி. கோகோபீட் இப்படிப் பிடிவாதம் பிடிக்காது. முழுக்கக் காய்ந்தாலும் ஊற்றிய உடனே உறிஞ்சும். சமவெளி மாடித்தோட்டத்துக்கு இந்த ஒரு குணமே போதும், நான் அதன் பக்கம் சாய.

எங்கிருந்து வருகிறது என்பதும் விலைதான்

உலக நிலப்பரப்பில் பீட் நிலங்கள் ஏறக்குறைய மூன்று சதவீதம். ஆனால் உலகக் காடுகளின் மரம், செடி எல்லாவற்றிலும் உள்ளதைவிட அதிகமான கார்பன் அங்கே அடங்கிக் கிடக்கிறது. பீட் எடுக்க முதலில் சதுப்பின் நீரை வடிக்க வேண்டும். நீர் வடிந்ததும் காற்றுப் பட்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பூட்டி வைத்தது கரியமில வாயுவாக வெளியேறத் தொடங்கும். அயர்லாந்தில் பல பத்தாண்டுகளாக பீட் வெட்டிய அரசு நிறுவனமான போர்ட் நா மோனா, 2021 தொடக்கத்தில் அந்த வேலையை முழுதாக நிறுத்துவதாக அறிவித்தது. இங்கிலாந்து அரசு, வீட்டுத் தோட்டங்களுக்கு பீட் விற்பதை 2024க்குள் தடுக்கப் போவதாக 2022 இல் சொன்னது. அந்தக் கெடுவுக்குள் சட்டம் வரவில்லை என்றாலும், பீட் இல்லாத கலவைகளை நோக்கி அங்குள்ள கடைகள் நகர்ந்துவிட்டன.

நம் நீலகிரியின் பள்ளத்தாக்குச் சதுப்புகளிலும் பீட் படிவு உண்டு. அந்த அடுக்குகளில் உள்ள கார்பனை ஆராய்ந்து, கடந்த இருபதாயிரம் ஆண்டுகளில் தட்பவெப்பம் மாற மாற அந்த மலைகளில் செடிவகைகள் எப்படி மாறின என்று சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993 இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஒரு மலையின் இருபதாயிரம் ஆண்டுக் கதை படிந்து கிடக்கும் பொருளை, மூன்று மாதத் தக்காளிக்காக வாங்கித் தொட்டியில் கொட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கனடாச் சதுப்புக்கும் இதே மதிப்புத்தான்.

கோகோபீட்டிலும் கறை இல்லாமல் இல்லை. டன் கணக்கில் கழுவ ஏராளமான நீர் வேண்டும். கழுவிய செந்நிற நீரை நிலத்தில் விட்டால் கிணற்று நீர் நிறம் மாறும். பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகள் இதைப் பற்றி நெடுநாளாக முறையிட்டு வருகிறார்கள், அது நியாயமான முறையீடு. ஆனாலும் இது கயிற்றுத் தொழிலின் கழிவு, ஆண்டுதோறும் விளையும் மரத்திலிருந்து வருவது. இங்கே உட்கார்ந்து வாங்குகிற நமக்கு எது குறைந்த சுமை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டொராண்டோவில் வாழும் தமிழருக்கு இந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடும். அவருக்கு பீட் மாஸ் கியூபெக்கிலிருந்தும் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்தும் வரும் பக்கத்து ஊர்ச் சரக்கு, விலை குறைவு. கோகோபீட் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கப்பல் ஏறிப் போக வேண்டும். அங்கே பீட் கலவையில் கறிவேப்பிலை வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். குளிர்காலத்தில் செடி வளராமல் உறங்கும்போது பீட் வாரக்கணக்கில் ஈரமாகவே நிற்கும், வேர் அழுகும். கலவையில் மூன்றில் ஒரு பங்காவது பெர்லைட் என்ற வெள்ளைப் பாறைத் துகளைப் போட்டு, விரல் விட்டுப் பார்த்துக் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள்.

கலப்பது: காற்றுக்கு இடம் விடுங்கள்

பீட் ஆனாலும் கோகோபீட் ஆனாலும் தனியாகத் தொட்டியை நிரப்பக் கூடாது. நீர் வடிந்து முடிந்த பிறகும் தொட்டியின் அடியில் ஒரு பட்டை முழு ஈரமாகவே நிற்கும். குளிக்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடித்தால் ஓரளவு நீர் சொட்டி நிற்கும். அதையே நெட்டாகத் திருப்பினால் இன்னும் வடியும். தொட்டியும் அப்படியே: உயரம் கூடினால் மேலே காற்றோட்டம் கூடும், தட்டையான தொட்டியில் வேர் முழுவதும் ஈரப் பட்டைக்குள் சிக்கும். அடியில் ஜல்லி போட்டால் நீர் நன்றாக வடியும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நுண்ணிய கலவையிலிருந்து நீர் எளிதில் ஜல்லிக்குள் இறங்காது. ஈரப் பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கான இடம்தான் குறையும். ஓட்டையை மூட ஒரு வலைத் துண்டு போதும். ஜல்லிக்குச் செலவழிக்கும் உயரத்தைக் கலவைக்குக் கொடுங்கள்.

காற்றைக் கூட்டப் பருமனான துகள் கலவை முழுவதும் பரவி இருக்க வேண்டும். பெர்லைட் என்பது எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சூடாக்கிப் பொரித்தது. லேசானது, நீரைத் தன்னுள் அதிகம் வைத்துக்கொள்ளாது, காற்றுக்கு வழி விடும். வெர்மிகுலைட் வேறு வேலை செய்யும். அது நீரையும் சத்தையும் பிடிக்கும், கொஞ்சம் பொட்டாசியமும் மெக்னீசியமும் கொடுக்கும். நம் திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவத்தூரிலேயே வெர்மிகுலைட் வெட்டி எடுக்கப்படுகிறது. விதை நாற்றுக்கு வெர்மிகுலைட், பெரிய செடிக்கு பெர்லைட் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பெர்லைட்டுக்கு மாடித்தோட்ட அளவில் நல்ல மாற்று உமிக்கரி. உமியை முழுக்க எரிய விடாமல் கருக்கி எடுப்பது அது, உருவம் கலையாமல் கறுப்பாக இருக்கும். அரிசி ஆலையில் கிடைக்கும் வெளுத்த உமிச்சாம்பல் வேறு, அது காரம். அதைக் கை நிறையக் கொட்டினால் பி.எச். ஏறிவிடும். உடைத்த செங்கல்லைச் சலித்து, மிளகு அளவுத் துண்டை எடுத்தாலும் நடக்கும், எடை கூடும். எம்-சாண்ட் போடுகிறவர்கள் தூசியை அலசிவிட்டுப் போடுங்கள். அந்த மாவு வடிகாலை அடைத்துவிடும்.

காய்கறிக்கு நான் சொல்லும் கலவை: அலசிய கோகோபீட் நான்கு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் மூன்று பங்கு, செம்மண் இரண்டு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. இருபது லிட்டர் பைக்கு ஒரு கை வேப்பம் புண்ணாக்கு. செம்மண் எதற்கு என்றால், காற்றில் பை சாயாமல் இருக்கவும், சத்தைப் பிடித்து வைக்கவும். அதற்கு மேல் மண் சேர்த்தால் எடை ஏறும். ஈர மண் லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டும், மாடித் தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோகோபீட்டிலேயே பொட்டாசியம் இருப்பதால், முதல் இரண்டு மாதம் சாம்பல், வாழைத்தோல் கரைசல் எதுவும் வேண்டாம். தழைச்சத்தும் கால்சியமும்தான் அப்போது தேவைப்படும்.

நாற்றுக்குச் சலித்த கோகோபீட் மூன்று பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. நம் ஊர் நாற்றுப் பண்ணைகளில் 98 குழித் தட்டுகளில் மிளகாயும் தக்காளியும் கோகோபீட்டில்தான் முளைத்து வருகின்றன. நூற்றுக்கணக்கில் விதைத்து விற்பவர் கோகோபீட்டை விட்டு மாற வேண்டிய காரணமே இல்லை. மீட்டர் வாங்கவும் அலசவும் நேரமில்லாமல், விலை கூடிய ஒட்டு விதை பத்துப் பதினைந்து மட்டும் போடுகிறவர் சிறு பை பீட் மாஸ் வாங்கினால் அதில் நியாயம் உண்டு. பீட், வெர்மிகுலைட் சம அளவு, லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் டோலமைட், அவ்வளவுதான்.

ஆப்பிரிக்கன் வயலட்டுக்கு பீட், பெர்லைட், வெர்மிகுலைட் மூன்றும் சம பங்கு என்பது பழைய, நம்பகமான கலவை. பீட் அளவில் லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் டோலமைட் சேர்த்தால் பி.எச். ஆறுக்குப் பக்கத்தில் வரும். பஃபர் செய்த கோகோபீட்டை வைத்தும் இதைச் செய்யலாம். உப்பு எங்காவது மிச்சம் இருந்தால் இந்தச் செடி முதலில் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர் பீட்டில் தொடங்கட்டும். அசேலியா, கமீலியா போன்ற அமிலம் விரும்பும் செடிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானலில் மண்ணே அமிலம், தேயிலை விளைவது அதனால்தான். அங்கே மட்கிய இலை உரமும் உள்ளூர் மண்ணும் போதும். சமவெளியில் அவற்றுக்கு வெப்பமே பகை, எந்தக் கலவையும் காப்பாற்றாது.

அடினியம், கற்றாழை வகைகளுக்கு இரண்டுமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மணி பிளான்ட், பிலோடென்ட்ரான், ஆந்தூரியம் போன்றவற்றுக்குத் தூளைவிடத் தேங்காய் மட்டைச் சில்லுகள் நல்லது, அவற்றையும் அலசியே போடுங்கள்.

பீட் மாஸுக்கு மாற்று இல்லாத இடம்

ட்ரோசெரா, வீனஸ் பூச்சிப்பொறி போன்ற பூச்சி தின்னும் செடிகள் சத்தே இல்லாத அமிலச் சதுப்பில் வாழப் பழகியவை. தழைச்சத்தைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்வதால், வேருக்கு உரமும் உப்பும் விஷம் மாதிரி. இங்கே பீட் மாஸ் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது நன்கு அலசிய சிலிக்கா மணல் ஒரு பங்கு. சுண்ணாம்பு, மண்புழு உரம், உரம் எதுவும் ஒரு துளிகூட வேண்டாம். வாங்கும்போது பையைத் திருப்பிப் படியுங்கள். 'பாட்டிங் மிக்ஸ்' என்று பெயர் போட்டு உரம் கலந்த பீட் விற்கிறார்கள், அது இந்தச் செடிகளைக் கொன்றுவிடும். உரம் சேர்க்காத வெறும் ஸ்பேக்னம் பீட் மாஸ் என்று இருக்க வேண்டும். தண்ணீர் மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீர், டி.டி.எஸ். 50க்குக் கீழே. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவு நீரைச் சிலர் மாற்றி ஊற்றிவிடுகிறார்கள், அதில்தான் உப்பு முழுவதும் இருக்கிறது.

தமிழ்நாட்டிலேயே காட்டில் வளரும் ட்ரோசெரா வகைகள் உண்டு. வெப்பம் தாங்கும் பர்மானி, இண்டிகா வகைகளைச் சமவெளியில் விதை போட்டு வளர்க்கலாம். காட்டிலிருந்து பிடுங்கி வர வேண்டாம். வீனஸ் பூச்சிப்பொறிக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும், சென்னையில் அதை நெடுநாள் வைத்திருப்பது கடினம். மேகாலயத்தில் வளரும் குடுவைச் செடியான நெப்பந்தஸ் காசியானா, ஈரமும் காற்றும் சேர்ந்து கேட்கும். அதற்கு வெறும் பீட் இறுக்கம், தேங்காய் சில்லும் பெர்லைட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பெரிய பை பீட் மாஸ் வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். காய்ந்த பீட்டைத் தொட்டியில் போட்டு மேலே நீர் ஊற்றினால் நனையாது. ஒரு பேசினில் கொட்டி, வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, இரவு முழுதும் மூடி வையுங்கள். தூசி மூக்கில் ஏறாதபடி, பையிலிருந்து கொட்டும் முன்பே உள்ளே கொஞ்சம் நீர் விட்டு நனைத்துக்கொள்ளுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேக்னம் பாசியிலிருந்து தோலில் தொற்றும் பூஞ்சை ஒன்று உண்டு. பிறகு அதைக் கோகோபீட்டோடு சரி பாதியாகக் கலந்து நாற்றுக்கும் வீட்டுக்குள் வைக்கும் செடிக்கும் எடுத்துக்கொண்டால், கோகோபீட் காய்ந்தாலும் மறுபடி நீரை இழுக்கும், பீட் உப்பின் பங்கைக் குறைக்கும். பை நெடுநாள் வரும்.